பெயர் ஒன்று, நாடு இரண்டு

நுழையும்முன்

நாட்டின் பெயரிலிருந்து மக்களின் பெயர் பிறக்கிறது. சீனாவில் வாழ்வோர் சீனர். கிரேக்க நாட்டினர் கிரேக்கர். ஒரே பெயரை இரண்டு நாடுகள் தாங்கி நின்றால் அம்மக்களை எப்பெயரால் அழைப்பது? எளிதாகத் தோன்றும் இவ்வினா, ஆறுகளையும் பேரரசுகளையும் கடல் கடந்த தொழிலாளரையும் தொட்டுச் செல்வதை இப்பாடம் காட்டுகிறது.

1960ஆம் ஆண்டை ‘ஆப்பிரிக்காவின் ஆண்டு’ என்பர். அவ்வோர் ஆண்டில் மட்டும் அக்கண்டத்தில் பதினேழு நாடுகள் விடுதலை பெற்றன. ஐரோப்பியக் கொடிகள் இறங்கின. புதிய கொடிகள் ஏறின. அப்பதினேழில் நான்கு நாடுகள் பெயரால் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு பிறந்தன. ஜூன் 30 அன்று பெல்ஜியத்திடமிருந்து விடுபட்ட நாடு தன்னைக் காங்கோ என்றது. ஆகஸ்டு 15 அன்று பிரான்சிடமிருந்து விடுபட்ட அண்டை நாடும் தன்னைக் காங்கோ என்றே சொல்லிக்கொண்டது. ஆகஸ்டு 3 அன்று நைஜர் பிறந்தது. அக்டோபர் 1 அன்று நைஜீரியா பிறந்தது.

நிலப்படம் வரைவோருக்கு இதில் பெருந்தொல்லை இல்லை. ஒரு நாட்டுக்குப் பச்சையும் மற்றதற்கு மஞ்சளும் தீட்டிவிட்டால் முடிந்தது. மனிதருக்கு நிறம் தீட்ட இயலாது. அவர்களுக்குப் பெயர் வேண்டும். கடவுச்சீட்டில் எழுதவும், செய்தியில் குறிக்கவும், விளையாட்டரங்கில் அறிவிக்கவும், அயலூரில் ‘நீர் எந்நாட்டவர்?’ என்று கேட்கப்படும்போது விடை சொல்லவும் ஒரு பெயர் வேண்டும்.

ஓர் ஆறும் இரு நாடுகளும்

நைஜர் ஆறு விந்தையான ஆறு. கினி நாட்டு மலைகளில், அட்லாண்டிக் கடலிலிருந்து 240 கிலோமீட்டர் தொலைவிலேயே தோன்றுகிறது. அருகிலிருக்கும் கடலை நாடாமல், அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வடகிழக்கே சகாராவின் விளிம்புவரை செல்கிறது. அங்கே வளைந்து தென்கிழக்கே திரும்பி, ஏறத்தாழ 4,180 கிலோமீட்டர் ஓடிக் கினி வளைகுடாவில் கலக்கிறது. அதன் நடுப்பகுதியைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். கீழ்ப்பகுதியையும் கழிமுகத்தையும் ஆங்கிலேயர் பிடித்தனர். ஆறு ஒன்றாகையால் இருவர் நாட்டுக்கும் அதன் பெயரே வாய்த்தது.

நைஜீரியா என்னும் பெயருக்குப் பிறந்த நாளும் உண்டு. 1897ஆம் ஆண்டு சனவரி 8 அன்று இலண்டனிலிருந்து வெளிவந்த ‘தி டைம்ஸ்’ இதழில் பிளோரா ஷா என்னும் பெண் இதழாளர் ஒரு கட்டுரை எழுதினார். வணிக நிறுவனம் ஒன்றின் ஆளுகையில் இருந்த அந்நிலப்பரப்பின் நீண்ட பெயர் நாவுக்கும் அச்சுக்கும் வசதியாக இல்லை என்றும், அதனை நைஜீரியா என வழங்கலாம் என்றும் முன்மொழிந்தார். பின்னாளில் அவர் மணந்துகொண்ட லுகார்டு, அந்நாட்டின் ஆங்கிலேய ஆளுநராகவும் இருந்தார். இன்று இருபது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயர், அவர்களுள் ஒருவரையும் கேளாமல் இலண்டன் நாளிதழொன்றில் இடப்பட்டது.

ஆங்கிலம் இவ்விரு மக்களையும் ஒரே ஓர் உயிரெழுத்தால் பிரிக்கிறது. நைஜீரியாவின் மக்களுக்குரிய சொல்லில் ‘ஏ’ என்னும் எழுத்து வருமிடத்தில், நைஜர் மக்களுக்குரிய சொல்லில் ‘ஈ’ என்னும் எழுத்து வரும். மற்ற எழுத்துகள் எல்லாம் ஒன்றே. பிரெஞ்சிலும் இதே கதைதான். எழுத்துப் பிழை திருத்துவோர் கண்ணுக்கு இரண்டாம் சொல், முதற்சொல்லின் பிழையாகவே படும். திருத்திவிடுவர். திருத்தியவுடன் ஒரு நாட்டின் குடிமகன் மற்றொரு நாட்டுக்குப் பெயர்ந்துவிடுவான்.

இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. 2023ஆம் ஆண்டு சூலையில் நைஜர் நாட்டின் இராணுவம், தேர்ந்தெடுக்கப்பட்ட குடியரசுத் தலைவரைச் சிறைப்படுத்தி ஆட்சியைக் கைப்பற்றியது. அப்போது மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூகத்துக்குத் தலைமை தாங்கியவர் நைஜீரியாவின் தலைவர். அச்சமூகம் நைஜர் மீது தடைகளை விதித்தது. நைஜீரியா தான் வழங்கிவந்த மின்சாரத்தை நிறுத்தியது. நைஜரின் நகரங்கள் இருளில் மூழ்கின. தடை விதித்தவர் யார், இருளில் அமர்ந்தவர் யார் என்பதே அச்செய்தியின் உயிர். ‘நைஜீரியர்’ என்று இரு தரப்பாரையும் ஒருசேர எழுதிவிட்டால், அடித்தவனும் அடிபட்டவனும் ஒருவனே ஆகிவிடுவான்.

இதில் மற்றொரு முடிச்சும் உண்டு. எல்லையின் இருபுறத்தும் வாழ்வோருள் பெருந்தொகையினர் ஹௌசா மொழி பேசுவோர். ஒரே மொழி, ஒரே சந்தை, கொள்வினை கொடுப்பினையால் பின்னிய குடும்பங்கள். ஐரோப்பியர் வரைந்த கோட்டின் வடக்கே நின்றவர் பிரெஞ்சு கற்று ஒரு பெயர் பெற்றார்; தெற்கே நின்றவர் ஆங்கிலம் கற்று வேறொரு பெயர் பெற்றார். வெளியுலகம் அவ்விரு பெயரையும் குழப்பிக்கொள்ளும்போது அவர்கள் சிரிப்பதும் உண்டு, சினப்பதும் உண்டு.

காங்கோவின் இரு கரைகள்

காங்கோ ஆற்றின் ஒரு கரையில் பிராசவில் நகரம். எதிர்க்கரையில் கின்சாசா நகரம். இரு நாடுகளின் தலைநகரங்கள் ஒன்றையொன்று கண்ணால் காணும்படி ஆற்றின் குறுக்கே அமர்ந்திருப்பது உலகில் மிக அரிது. இடையில் பாலம் இல்லை, படகுதான். இரு கரையிலும் லிங்காலா மொழி ஒலிக்கிறது. பழைய கொங்கோ பேரரசின் பெயரே ஆற்றுக்கும் ஆறு வழியாக இரு நாடுகளுக்கும் வந்தது.

விடுதலைக்குப் பின் இரு நாடும் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. ஐக்கிய நாடுகள் அவையில் தலைநகரின் பெயரை அடைப்புக்குறிக்குள் சேர்த்து, காங்கோ (பிராசவில்), காங்கோ (லியோபோல்டுவில்) என எழுதினர். அவ்விரு நகரப் பெயர்களையும் கவனித்தால் மற்றொரு முரண் தெரியும். முன்னது பிரான்சுக்காக அந்நிலத்தைப் பெற்ற பிராசா என்னும் ஐரோப்பியப் பயணியின் பெயர். பின்னது காங்கோவைத் தன் சொந்த உடைமையாக வைத்து, இரப்பர் சேகரிக்கும் பெயரால் அம்மக்களைச் சொல்லொணாக் கொடுமைக்கு ஆளாக்கிய பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் பெயர். விடுதலை பெற்ற மக்களைப் பிரித்தறிய, அவர்களை அடிமை கொண்டோர் பெயரே அடைமொழியாயிற்று.

1966இல் லியோபோல்டுவில், கின்சாசா ஆனது. 1971இல் சர்வாதிகாரி மொபுட்டு நாட்டின் பெயரையே சயர் என மாற்றினார். ஆறும் சயர், நாணயமும் சயர், நாடும் சயர். மக்கள் சயரியர் ஆயினர். 1974ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்தில் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவிலிருந்து முதன்முதலில் ஆடிய அணி அப்பெயரிலேயே ஆடியது. 1997இல் மொபுட்டு வீழ்ந்ததும் பழைய பெயர் திரும்பியது. குழப்பமும் உடன் திரும்பியது. அந்நாட்டில் 1950இல் பிறந்து நெடுநாள் வாழ்ந்த ஒருவர், ஊரை விட்டு ஓரடியும் நகராமலேயே பெல்ஜியக் காங்கோவினராகவும், காங்கோவினராகவும், சயரியராகவும், மீண்டும் காங்கோவினராகவும் இருந்திருப்பார். இன்று ஆங்கிலத்தில் இரு நாட்டு மக்களுக்கும் ஒரே சொல்தான். ‘எந்தக் காங்கோ?’ என்ற இரண்டாம் கேள்விக்கு விடை சொல்வது அம்மக்களின் அன்றாட வழக்கம்.

தமிழ் செய்யும் வழி

நிலத்தால் மனிதரைப் பெயரிடுவது தமிழுக்குப் பழக்கமானது. தொல்காப்பியர் உயர்திணைப் பெயர்களை வகைப்படுத்தும்போது நிலப்பெயரையும் ஒரு வகையாக வைத்தார். அருவாளன், சோழியன் என உரையாசிரியர்கள் சான்று காட்டுவர். செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலங்களை எண்ணுமிடத்தில் அருவா என்று ஒன்றும், அருவாவடதலை என்று ஒன்றும் வருகின்றன. ஒரே பெயர், இரு நிலம். வடக்கிலுள்ளதற்கு ‘வடதலை’ என்று ஒட்டுச் சேர்த்துப் பிரித்தனர். இன்றைய உலகம் செய்வதும் அதுவே.

ஆயினும் அயல்நாட்டுப் பெயர்கள் வரும்போது தமிழ் விகுதிகள் சற்றே திணறுகின்றன. நைஜர் என்பது நாட்டின் பெயர். தமிழ்க் காதுக்கோ சோழர், சீனர் போல அதுவே மக்களின் பெயராக ஒலிக்கிறது. அதன்மேல் மீண்டும் ‘அர்’ விகுதி சேர்த்து நைஜரர் என்றால் நா இடறுகிறது. ‘நைஜரியர்’ என்றால் நைஜீரியருக்கும் அவர்க்கும் இடையே ஒரு நெடிலின் தூரமே மிஞ்சும். ஆங்கிலத்தின் தொல்லையைத் தமிழ் வலிந்து இரவல் வாங்குவதாகும் அது. நாட்டவர் என்னும் சொல் தமிழில் இருக்க, இவ்விரவல் வேண்டியதில்லை. ‘நைஜர் நாட்டவர்’ என்றால் ஐயத்துக்கு இடமில்லை. சொல் சற்று நீளும், நீண்டால் என்ன? ஒருவரை வேறொருவராக்குவதைவிட நான்கு எழுத்துக் கூடுவது மேல்.

பேச்சு வழக்கில் ‘காரர்’ என்னும் விகுதி இன்னும் வேடிக்கையானது. தமிழகச் சிற்றூர்களில் ‘சிலோன்காரர் வீடு’, ‘ரங்கூன்காரர் வீடு’ என்றால் இலங்கையரோ பர்மியரோ அங்கு வாழ்வதாகப் பொருளன்று. அந்நாடுகளில் பிழைத்துத் திரும்பிய உள்ளூர்த் தமிழர் வீடு அது. ஒருவர் பிறந்த நாட்டால் அன்றி, போய்வந்த நாட்டாலும் பெயர் பெறுகிறார். அண்மையிலேயே மற்றோர் எடுத்துக்காட்டும் உண்டு. வங்காளி என்பது மொழியால் வரும் பெயர். கொல்கத்தாவில் வாழ்பவரும் டாக்காவில் வாழ்பவரும் வங்காளியரே. வங்கதேசத்தவர் என்பது குடியுரிமையால் வரும் பெயர். வங்கதேச அரசியலமைப்பே இவ்விரண்டையும் வேறுபடுத்திச் சொல்கிறது. வேலை தேடி வந்த மேற்கு வங்கத் தொழிலாளி ஒருவரை, மொழியைக் கேட்ட மாத்திரத்தில் வங்கதேசத்தவர் என்று சொல்லிவிடுவது, இந்தியக் குடிமகனை ஒரே சொல்லால் அயலவனாக்குவது.

கினியும் ஞாயிற்றுக்கிழமையும்

கினி என்னும் பெயரைத் தாங்கிய நாடுகள் நான்கு. பிரான்சிடமிருந்து 1958இல் விடுபட்டது கினி. ஸ்பெயினிடமிருந்து 1968இல் விடுபட்டது, நிலநடுக்கோட்டின் பெயரைச் சேர்த்துக்கொண்ட எக்குவடோரியல் கினி. போர்த்துகலோடு போரிட்டு விடுதலை பெற்ற மூன்றாவது, தலைநகரின் பெயரை ஒட்டி கினி-பிசாவு ஆயிற்று. நான்காவது ஆப்பிரிக்காவிலேயே இல்லை. 1545இல் பசிபிக் கடலில் பயணம் செய்த ஸ்பானிய மாலுமி ஒருவர், ஒரு பெருந்தீவின் மக்கள் கினிக் கடற்கரை மக்களைப் போல் இருப்பதாகக் கருதி அதற்குப் புதிய கினி என்று பெயரிட்டார். தோலின் நிறத்தை மட்டும் கண்ட ஒரு பார்வை, ஐந்து நூற்றாண்டாகப் பப்புவா நியூ கினி என்னும் நாட்டின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கினிப் பொன்னால் அடிக்கப்பட்ட ஆங்கிலேய நாணயத்துக்கும் கினி என்றே பெயர். கினிக்கோழி உண்மையாகவே ஆப்பிரிக்காவினது. ஆங்கிலத்தார் கினிப்பன்றி என்று அழைக்கும் சிற்றுயிரோ தென்னமெரிக்காவினது, பன்றியும் அன்று.

கரீபியக் கடலில் 1493ஆம் ஆண்டு நவம்பர் 3 அன்று கொலம்பசு ஒரு மலைத்தீவைக் கண்டார். அன்று ஞாயிற்றுக்கிழமை. இலத்தீனில் ஞாயிறு என்னும் பொருள்படும் டொமினிக்கா என்று பெயரிட்டுவிட்டு அவர் கடந்துபோனார். அதே கடலில் வேறொரு பெருந்தீவில், புனித தோமினிக்கின் பெயரால் டொமினிக்கன் குடியரசு 1844இல் உருவாயிற்று. முன்னதில் ஆங்கிலம் வழங்குகிறது, பின்னதில் ஸ்பானியம். இரு நாட்டு மக்களையும் ஆங்கில எழுத்தில் வேறுபடுத்தவே இயலாது. ஒலிப்பில் மட்டுமே வேறுபாடு: முன்னவர் டொமினீக்கர், பின்னவர் டொமினிக்கர். தமிழ் நெடிலும் குறிலும் இங்கே அழகாகக் கைகொடுக்கின்றன.

அத்தீவின் தொல்குடியினர் அதனை வைதுகுபுலி என்று அழைத்திருந்தனர். ‘அவள் உடல் நெடியது’ என்பது அதன் பொருள். நெடிதுயர்ந்த மலைகளைக் கண்டவர் இட்ட பெயர் அது. மற்றது நாட்காட்டியைப் பார்த்தவர் இட்ட பெயர். அம்மக்களை ஐரோப்பியர் ‘கரீப்’ என்றனர். மனித ஊன் உண்போரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அவ்வேரிலிருந்தே பிறந்தது. அம்மக்கள் தங்களைக் கலினாகோ என்றே சொல்லிக்கொண்டனர். 2015இல் அவர்கள் வாழும் பகுதியின் பெயர் சட்டப்படி கலினாகோ நிலம் என்று மாற்றப்பட்டது.

ஐரோப்பியரும் இத்தொல்லைக்குத் தப்பவில்லை. சுலோவாக்கியா தன் மொழியில் தன்னைச் சுலோவென்ஸ்கோ என்கிறது. சுலோவேனியா தன் மொழியில் தன்னைச் சுலோவேனியா என்கிறது. சுலோவாக்கிய ஆண் சுலோவாக். சுலோவேனிய ஆண் சுலோவேனெத்ஸ். ஆண்களுக்கு இடையே ஐயமில்லை. பெண்கள் செய்தி வேறு: இரு மொழியிலும் அந்நாட்டுப் பெண் ‘சுலோவென்கா’தான்.

எத்தனை இந்தியர்!

இக்குழப்பங்களுள் மிகப் பெரியது இந்தியரின் பெயரால் நிகழ்ந்தது. 1492இல் இந்தியாவைத் தேடிச் சென்ற கொலம்பசு, தாம் அடைந்த தீவுகளை இந்தியாவின் பகுதி என்றே நம்பினார். அங்கு வாழ்ந்தோரை இந்தியர் என்றார். பிழை தெரிந்த பின்னும் பெயர் நிலைத்தது. தீவுகள் மேற்கிந்தியத் தீவுகள் ஆயின. தமிழ் நூல்களும் அமெரிக்கத் தொல்குடிகளைச் ‘செவ்விந்தியர்’ என்று நிறம் சேர்த்து எழுதின. அவர்கள் இந்தியரும் அல்லர், சிவந்தவரும் அல்லர்.

பிழையின் உச்சம் முந்நூறு ஆண்டுகளுக்கும் பிறகே வந்தது. ஆங்கிலப் பேரரசில் அடிமைமுறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. கொல்கத்தாவிலிருந்து புறப்பட்ட ‘விட்பி’, ‘ஹெஸ்பெரஸ்’ என்னும் கப்பல்கள் 1838ஆம் ஆண்டு மே 5 அன்று, தென்னமெரிக்காவின் வடகரையிலுள்ள பிரித்தானியக் கயானாவில் இந்திய ஒப்பந்தத் தொழிலாளரை இறக்கின. 1917 வரை அவ்வாறு சென்றோர் சுமார் 2,39,000 பேர். அங்கே ‘இந்தியர்’ என்ற பெயரில் ஏற்கெனவே தொல்குடியினர் இருந்தனர். ஆகவே உண்மையான இந்தியர்கள், தங்கள் பெயரைத் தாங்களே சூடிக்கொள்ள இடமின்றிக் ‘கிழக்கிந்தியர்’ ஆயினர். தொல்குடியினர் ‘அமெரிந்தியர்’ ஆயினர். கரீபியப் பண்பாட்டுக்கு உரிய நாடாகையால் அனைவரும் சேர்ந்து ‘மேற்கிந்தியர்’ ஆயினர். ஒரே தெருவில் மூவகை இந்தியர்!

அவர்களுக்குள்ளும் ஒரு பிரிவு இருந்தது. பெரும்பாலோர் வட இந்தியாவினர். சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்ற தமிழரும் தெலுங்கரும் ‘மதராசி’ என்னும் ஒரே பெயருக்குள் அடைபட்டனர். தமிழ் காலப்போக்கில் நாவிலிருந்து மறைந்தது. மாரியம்மன் வழிபாடு மறையவில்லை. பறையொலியோடு நிகழும் அவ்வழிபாட்டை இன்றும் கயானாவில் ‘மதராசி’ மரபு என்றே சொல்கின்றனர். ஊர்ப்பெயரும் குலப்பெயரும் மறந்துபோன ஒரு மக்களிடம் துறைமுகத்தின் பெயர் மட்டும் எஞ்சியது.

1966இல் விடுதலை பெற்றபோது அந்நாடு எழுத்தை மாற்றிக் கயானா என்னும் இன்றைய பெயரைச் சூடியது. கிழக்கே, முன்பு டச்சுக் கயானா எனப்பட்டது 1975இல் சுரிநாம் என்னும் பெயரில் தனி நாடானது. அதற்கும் கிழக்கே பிரெஞ்சுக் கயானா இன்றும் பிரான்சின் பகுதியாகவே இருக்கிறது. பிரெஞ்சு மொழியில் இரு கயானா மக்களுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. தமிழில் இரண்டும் கயானாவே. ‘பிரெஞ்சு’ என்னும் அடைமொழியை மறந்தால் எல்லாம் போயிற்று.

கயானாவின் பெர்பிஸ் பகுதியில் 1935இல் பிறந்த ரோஹன் கன்ஹாய், மேற்கிந்தியத் தீவுகள் அணியின் மட்டையாளராக 1958-59இல் இந்தியா வந்தார். கொல்கத்தா ஈடன் தோட்டத்தில் 256 ஓட்டங்கள் குவித்தார். கயானாவின் முதல் ஒப்பந்தத் தொழிலாளர் கப்பலேறிய அதே நகரில், இந்திய வழித்தோன்றலான ஒரு மேற்கிந்தியர், தம் ஊரில் கிழக்கிந்தியர் எனப்படுபவர், இந்தியருக்கு எதிராக ஆடிய ஆட்டம் அது. அவர் ஆட்டத்தில் மயங்கிய சுனில் கவாஸ்கர் தம் மகனுக்கு ரோஹன் என்று பெயரிட்டார். எந்தெந்தப் பெயர்களால் கன்ஹாயை அழைப்பது என்பதில் உலகம் குழம்பியிருக்கலாம். அவர் மட்டையில் குழப்பமில்லை.

பெயருக்கான வழக்கு

சில நாடுகளில் இது குழப்பமாக இல்லாமல் வழக்காகவே மாறியது. யூகோசுலாவியாவிலிருந்து 1991இல் பிரிந்த நாடொன்று தன்னை மாசிடோனியா என்றது. அதனை அடுத்துள்ள கிரேக்கத்தின் வடபகுதிக்கும் மாசிடோனியா என்றே பெயர்; அங்கு வாழும் கிரேக்கரும் தங்களை மாசிடோனியர் என்பர்; பேரரசன் அலெக்சாந்தர் அம்மண்ணின் மைந்தன். கிரேக்கம் எதிர்த்தது. 1993இல் ஐக்கிய நாடுகள் அவை ‘முன்னாள் யூகோசுலாவிய மாசிடோனியக் குடியரசு’ என்னும் நெடும்பெயரில் அந்நாட்டைச் சேர்த்துக்கொண்டது. அகரவரிசையில் அதை எங்கே அமர்த்துவது? மாசிடோனியா என்ற சொல்லின் முதலெழுத்தில் அமர்த்தக் கிரேக்கம் இசையவில்லை; ‘முன்னாள்’ என்ற சொல்லின் முதலெழுத்தில் அமர அந்நாடு இசையவில்லை. முடிவில், பெயரின் முன்வரும் ஆங்கிலச் சுட்டிடைச்சொல்லின் எழுத்தைக் கொண்டு தாய்லாந்துக்கு அருகில் அமர்த்தினர்.

2018ஆம் ஆண்டு சூன் 17 அன்று, பிரெஸ்பா ஏரிக்கரையில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. நாடு ‘வட மாசிடோனியா’ ஆயிற்று. ஆனால் மக்களை ‘வட மாசிடோனியர்’ என்று அவ்வுடன்படிக்கை சொல்லவில்லை. அவர்கள் குடியுரிமையை ‘மாசிடோனியர் / வட மாசிடோனியக் குடியரசின் குடிமக்கள்’ என்றும், மொழியை மாசிடோனிய மொழி என்றும் குறித்தது. நாட்டுக்கு ஒட்டைச் சேர்க்க இசைந்தவர்கள் தங்கள்மேல் அவ்வொட்டு விழ இசையவில்லை. இது வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடக் கூடியதன்று. நாடு என்பது ஆவணத்தில் இருப்பது. மனிதன் தன்னை என்னவென்று நினைக்கிறான் என்பது அவனுக்குள் இருப்பது. ஆயினும் புண் முழுதும் ஆறவில்லை. 2024 மே மாதத்தில் அந்நாட்டின் புதிய குடியரசுத் தலைவர் பதவியேற்கையில் நாட்டை ‘மாசிடோனியா’ என்று மட்டும் சொன்னார். அவையிலிருந்த கிரேக்கத் தூதர் எழுந்து வெளியேறினார்.

அதே ஆண்டு சூலை 26 அன்று, பாரிசு ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் தென்கொரிய வீரர்கள் சேன் ஆற்றில் படகில் கொடியசைத்து வந்தனர். அறிவிப்பாளர் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சொன்னதோ வடகொரியாவின் முழுப்பெயர். பன்னாட்டு ஒலிம்பிக் குழு மன்னிப்புக் கேட்டது. 2012இல் இதற்கு மாறாக, கிளாஸ்கோ நகரில் நடந்த ஒலிம்பிக் மகளிர் கால்பந்துப் போட்டிக்கு முன் வடகொரிய வீராங்கனையரின் படங்களுக்கு அருகே தென்கொரியக் கொடி காட்டப்பட்டது. அவர்கள் ஆடுகளத்தை விட்டு வெளியேறினர். ஆட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாயிற்று. போர் முறையாக முடிக்கப்படாத இரு நாடுகளிடையே இது வெறும் எழுத்துப்பிழையன்று.

கொரியா என்பது அயலார் வழங்கும் பெயர். கொர்யோ என்னும் பழைய அரசமரபிலிருந்து வந்தது. தாயகத்தில் அதனைப் பெரும்பாலும் வழங்குவதில்லை. தெற்கே உள்ளோர் தம் நாட்டை ஹன்குக் என்பர். வடக்கை ‘வட ஹன்’ என்னும் பொருளில் புக்கான் என்பர். வடக்கே உள்ளோர் தம் நாட்டைச் சோசன் என்பர். தெற்கைத் ‘தென் சோசன்’ என்னும் பொருளில் நெடுங்காலம் நம்சோசன் என்றனர். ஒவ்வொருவரும் தம் பெயரையே மற்றவருக்கும் சூட்டி, அவர் நாட்டைத் தம் நாட்டின் ஒரு மூலையாக்கிவந்தனர்.

ஜப்பானில் வாழும் கொரியர் நிலை இதனினும் கடிது. கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தபோது அங்குச் சென்று தங்கியவர்களும் அவர்தம் வழித்தோன்றல்களும் அவர்கள். 1947இல் அவர்களை அயலவராகப் பதிவு செய்தபோது, பதிவேட்டின் நாட்டுக் கட்டத்தில் ‘சோசன்’ என்று எழுதினர். அப்போது வடக்கு, தெற்கு என்னும் இரு நாடுகளும் அமையவில்லை. அச்சொல் பிளவுபடாத தீபகற்பத்தைக் குறித்தது. 1965இல் ஜப்பானும் தென்கொரியாவும் உறவு பூண்டபின் பலர் தென்கொரியக் குடியுரிமைக்கு மாறினர். சிலர் மாறவில்லை. அவர்களை வடகொரியர் என்று பிறர் எண்ணினர். அவருள் வடக்கின்பால் பற்றுடையோரும் உண்டு. தாம் சேர்ந்தது பிளவுபடாத நாட்டையே என்று சொன்னோரும் உண்டு. ஜப்பானிய அரசு அச்சொல்லை எந்த நாட்டின் பெயராகவும் கொள்வதில்லை. கடவுச்சீட்டுக்கு மாறாக, மீண்டும் நுழைவதற்கான அனுமதித் தாளோடு அவர்கள் பயணம் செய்கின்றனர்.

1991ஆம் ஆண்டு ஜப்பானின் சீபா நகரில் உலக மேசைப்பந்துப் போட்டி நடந்தது. வடக்கும் தெற்கும் முதன்முறையாக ஒரே அணியாக ஆடின. அணியின் பெயர் கொரியா, அவ்வளவே, முன்னொட்டு இல்லை. வெள்ளைத் துணியில் நீல நிறத்தில் தீபகற்பம் தீட்டிய கொடி. தெற்கின் ஹியுன் சுங்-ஹ்வாவும் வடக்கின் ரி புன்-ஹுய்யும் ஆடிய மகளிர் அணி, வலிமை மிக்க சீன அணியை வென்றது. இரு நாட்டுப் பண்ணும் இசைக்க இயலாமையால் ‘அரிராங்’ என்னும் நாட்டுப்புறப் பாடல் இசைக்கப்பட்டது. பார்வையாளர் வரிசைகளில் ஜப்பான் வாழ் கொரியர், வடக்கைச் சார்ந்தோரும் தெற்கைச் சார்ந்தோரும், கலந்து அமர்ந்து அக்கொடியை அசைத்தனர். போட்டி முடிந்ததும் வீராங்கனையர் இரு வேறு தலைநகரங்களுக்குத் திரும்பினர்.